டாக்டர் ஆண்ட்ரூ பெல் சரிதம்

கல்வி எல்லார்க்கும் உரியதென்பது இக்காலத்துச் சிறுவரும் அறிந்த உண்மை. ஆயினும் இருநூறு ஆண்டுகட்கு முன்னர், இங்கிலாந்து தேசத்தில், ஏழையின் பிள்ளைக்கு எழுத்தறிவித்தல் தகுமோ தகாதோ என்பதே அறிஞரிடை வழக்காயிருந்தது. எழுத்தறிந்த கூலியாள் ஏர் பிடிக்க இசையான் என்றும், படிக்கத் தெரிந்த பணியாள் தலைவனுக்கு அடங்கான் என்றும் அஞ்சினோர் பலர். அவ்வச்சம் நிலவிய காலத்தில் பள்ளிக்கூடத்தின் கதவை ஏழைகட்குத் திறந்துவிட்டவர்களுள் ஒருவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். அவர் கைக்கொண்ட திறவுகோலோ நம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிற் கிடைத்தது. ஆதலின் அவர் சரிதம் நாம் அறிதற்குரியதாகும்.

பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கடற்கரை நகராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். பெல் அந்நகர்ச் சர்வகலாசாலையிற் பயின்று, கணிதத்திலும் இயற்கைப் பொருள் நூலிலும் வல்லவரானார். 1774-இல் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று, செல்வர் மனையிற் பிள்ளைகட்கு ஆசிரியராயிருந்து, 1781-இல் தாய்நாடு திரும்பினார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்று, 1787-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பொருளீட்டும் எண்ணமும் அவர்க்கு இல்லாமற் போகவில்லை. படைப்பிரிவுகள் பலவற்றின் குருப்பணியை ஒருவராகவே ஏற்று, அவற்றின் ஊதியங்களை ஒருங்கே பெற்றுச் செல்வரானார்.

அந்நாளில் சென்னையிலிருந்த ஐரோப்பியப் படைவீரர் பலர், இந்நாட்டு மகளிர் வயிற்றிற் பிறந்த தம் மக்களை ஆதரவின்றி விட்டு மாண்டனர். அத்தகைய ஆண்பிள்ளைகட்கென 1789-இல் எழும்பூர்ச் சிறுகோட்டையில் ஓர் அநாதசாலை தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வை பெல்லிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதற்கென வகுத்த ஊதியத்தை அவர் பெற மறுத்துவிட்டார். பொருள்மேல் விருப்புடைய ஒருவர் இங்ஙனம் மறுத்தது, அவர் உள்ளம் எதன்பாற் சென்றது என்பதைக் காட்டும்.

ஆயினும் பள்ளியின் நிலை அவர்க்கு மகிழ்வளிக்கவில்லை. உபாத்தியாயர்கள் ஊக்கமிலராயிருந்தனர், மாணாக்கர் எழுத்துக்களைக் கற்கவே நெடுநாட் கழித்தனர். ஒருநாட் காலை பெல் குதிரையேறிச் செல்லும்போது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். அங்கே சிறுவர் நிலத்தமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பயின்றுகொண்டிருந்தனர். நமக்கு அது புதுமையன்று. நம் முன்னோர் யாவரும் அவ்வாறே அரிச்சுவடி தொடங்கினர். பெல்லுக்கோ அது கண்திறந்தாற் போலாயிற்று. தாளும் மையும் வேண்டா. எழுதியது பிழையாயின் கையாற் றடவினால் அழிந்துபோம். கண்ணும் கையும் நாவும் ஒருங்கே தொழிற்படும்.

அவர் விரைந்து மீண்டு, கீழ்வகுப்புக்கு அம்முறையிற் கற்பிக்குமாறு உபாத்தியாயருக்குக் கட்டளையிட்டார். அவரோ அஃது இயலாதென்று மறுத்தார். அப்பொழுது பெல் செய்ததே அவர் வாழ்வில் திருப்புமுனையாயிற்று. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவன் கையில் ஒப்புவித்தார். முதியவரால் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து முடித்தான். அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் முன்னே கற்ற மாணாக்கன் பின்னே வருபவனுக்குக் கற்பிக்கும் முறை ஏற்பட்டது. குற்றஞ் செய்தோர் பெயர் ஓர் ஏட்டில் எழுதப்பட்டு, உடன்மாணாக்கரே கூடியிருந்து நீதி வழங்கினர். பிரம்படி பெரிதும் குறைந்தது.

மணலில் எழுதுவித்தலை இந்நாட்டாரிடமிருந்து கற்றதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணாக்கரைக்கொண்டே கற்பித்தலைத் தமது புதுக்காட்சி என்றே கொண்டார். ஆனால் நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை என்பான் நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவந்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களும் 1814-இல் விடுத்த கடிதமொன்றில், பெல் இங்கிலாந்தில் நடாத்திய முறை இந்நாட்டு ஆசிரியருடையதே என்று புகழ்ந்து எழுதினர்.

1796-இல் பெல் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டில் தம் அநாதசாலை அனுபவத்தை ஒரு சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். 1798-இல் இலண்டன் நகரத்துத் தருமப் பள்ளியொன்று அம்முறையைத் தழுவிற்று. அக்காலத்தே ஜோசப் லாங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞரும் இதையொத்த முறையில் ஏழைகட்குப் பள்ளி நடாத்தினார். முதலில் நண்பராயிருந்த இருவரையும், யார் முந்தினர் என்னும் வழக்கும், பள்ளியில் எத்திருச்சபையின் உபதேசம் வேண்டும் என்னும் பூசலும் பிரித்துவிட்டன. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் பெல்லின் முறையைப் பரப்புதற்கு ‘நேஷனல் சொசைட்டி’யை நிறுவினர். இப்போட்டியால் விளைந்த நன்மையும் உண்டு: ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியர் ஆளக்கூடுமாயின் செலவு சிறிதாகும். செலவு சிறிதாகவே, ஏழைக்குக் கல்வி கூடாதென்போரின் வாய் பாதி அடைபட்டது.

இனி, அவர் வாழ்வில் நம் மனத்தை வருத்தும் ஒன்றையும் மறையாது கூறல் வேண்டும். ஏழைகளின் பிள்ளைகட்குப் பெருங்கல்வி வேண்டா என்றும், வேதாகமத்தை வாசிக்கப் பயின்றாற் போதும், எல்லார்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தல் அவரவர் நிலைக்கு மிஞ்சிய ஆசையை விளைக்கும் என்றும் பெல் தம் நூலின் பிற்பதிப்பில் எழுதினார். இவரே எழும்பூரில் அநாதைச் சிறுவர்க்கு இயற்கைப் பொருள் நூலும் கற்பித்தவர். அவருடைய மாணாக்கருள் ஒருவனாகிய வில்லியம் ஸ்மித், 1794-இல் தூதுக்குழுவோடு சென்று, திப்பு சுல்தான் முன்னிலையில் விஞ்ஞானச் சோதனைகளைச் செய்து காட்டினான். தாயும் தந்தையும் அற்ற ஒரு சிறுவன் அரசவையில் நிற்கக் கண்டவர், இங்கிலாந்தின் ஏழைச் சிறுவனுக்கு எழுதுகோலை மறுக்க எங்ஙனம் ஒருப்பட்டார்? செல்வரின் அச்சத்தைத் தணிப்பதற்கோ, அன்றித் தாமும் அவ்வச்சத்திற்கு உட்பட்டோ, அறியோம்.

முறையிலும் குறையுண்டு. நேற்றுக் கற்றவன் இன்று கற்பிப்பானாயின், மனப்பாடமானதையே கற்பிப்பான். ஏன் என்று வினவும் பிள்ளைக்கு அவனால் விடைகூற இயலாது. 1816-இல் பெல் சுவிட்சர்லாந்து சென்று, இவர்டன் நகரில் பெஸ்டலாட்சி என்னும் பேராசிரியரின் பள்ளியைக் கண்டார். அங்கே பிள்ளையின் உள்ளம் மலர்வதே கல்வியெனக் கருதப்பட்டது. அது பெல்லின் மனத்தைக் கவரவில்லை.

பெல் 1832-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள் செல்டன்ஹாமில் மரித்தார். இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் பெற்றார். தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கென்றே வைத்துச் சென்றார். அதனால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி ‘மதராஸ் காலேஜ்’ எனப் பெயர் பெற்று இன்றும் நடைபெறுகின்றது.

அவர் மறைந்தபின் பள்ளிக்கூடம் அவர் வகுத்த எல்லையில் நின்றுவிடவில்லை. 1833-இல் பார்லிமெண்டுச் சபை பள்ளிக் கட்டடங்கட்கென 20,000 பவுன் வழங்கிற்று. 1846 முதல் சட்டாம்பிள்ளைகட்கு மாறாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் வந்தனர். 1870-இல் நாடெங்கும் பள்ளி அமைக்கச் சட்டம் பிறந்தது. 1880-இல் கல்வி கட்டாயமாயிற்று. ஏழையை அவன் நிலையில் அமைதியாக இருத்துதற்கென எழுந்த சாலையே, அவனை அந்நிலையினின்று எழுப்புங் கருவியாயிற்று. ஓர் எழுத்தைக் கற்றவன் அடுத்த எழுத்தைக் கேட்பான். அதனைத் தடுப்பார் யார்?

எனினும் நம் திண்ணையைப் புகழ்ந்து மகிழ்வதோடு நாம் அமைதல் ஆகாது. சர் தாமஸ் மன்றோ 1822-இல் எடுப்பித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவருட் பெண்மக்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கு அத்திண்ணைமேல் இடமில்லை. பெல் தம் நாட்டில் இட்ட எல்லை செல்வத்தால் ஆயது. நம்மவர் இட்டது பிறப்பால் ஆயது. இரண்டும் அறமாகா.

மிஷன் கலாசாலையிற் பயிலும் நாம், எவரோ ஒருவர் நம் முன்னோர்க்குத் திறந்துவிட்ட கதவின் வழியே வந்தவர்கள். பெல்லின் பெயர் பளிங்கிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் கண்ட பள்ளியின் வாத்தியாரது பெயரோ எழுதிய மணலோடு அழிந்தது. இருவர்க்கும் நாம் கடனாளிகள். அக்கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே: கற்றதைப் பின்வருவோர்க்குக் கற்பித்தல், கற்பிக்கும்போது, இவனுக்கு இவ்வளவு போதும் என்று அளந்து வையாதிருத்தல்.