நாடகத் தியாகி விசுவநாததாஸ்

இந்திய விடுதலைப் போரின் செய்தி தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்களை எவ்வழியாகச் சென்றடைந்தது என்னும் வினாவிற்கு நாளேடுகளை மட்டும் புரட்டி விடை காண இயலாது. 1931ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு நடந்த காலத்தில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. சிற்றூருக்கு நாளிதழ் வந்து சேர்வதே அரிது. வந்தாலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே வழக்கம். வானொலி நகரங்களுக்கே புதியதாக இருந்தது. ஆயினும் பஞ்சாபில் நடந்த படுகொலையும், கதர் இயக்கமும், உப்பு எடுத்த செய்தியும் கரிசல் காட்டு உழவனுக்குத் தெரிந்திருந்தன. கோவில் கொடையிலும் திருவிழாவிலும் விடிய விடிய நடந்த நாடகங்களே அச்செய்திகளை அவனிடம் கொண்டு சேர்த்தன. அந்த மேடைகளில் தலைமை வேடம் புனைந்து, நாடகத்தையே நாட்டுச் செய்தியாக மாற்றிக் காட்டியவர் விசுவநாததாஸ்.

அவர் 1886ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியம்; தாயார் ஞானாம்பாள். மருத்துவர் எனப்படும் முடிதிருத்துவோர் குலம். ஊராரின் நோய்க்கு மருந்து தந்ததும் பிள்ளைப்பேறு பார்த்ததும் அக்குலத்தாரே. ஊர்ச் சடங்குகளில் அவர்கள் இன்றி எதுவும் நடவாது. ஆனால் அவர்களுக்குச் சமமான இருக்கை தரும் வீடு அந்நாளில் இல்லை. சிறுவயதிலேயே திருமங்கலத்தில் இருந்த பாட்டனாரிடம் வளர்ந்தார் விசுவநாதன். பள்ளிப் படிப்பு மிகுதியாக வாய்க்கவில்லை. குரல் வாய்த்திருந்தது. பஜனைகளிலும் கோவில்களிலும் பாடிய சிறுவனை நாடகம் தன்பால் இழுத்துக்கொண்டது. தொடக்கத்தில் பெண் வேடம், பின்னர் இராஜபார்ட்.

அக்காலத்து நாடகத்தின் இயல்பு தெரியாமல் அவருடைய செயலின் அருமை விளங்காது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களே தென்னாட்டு மேடைகளை ஆண்டுவந்தன. அவற்றை நடத்த நிலையான குழு ஒன்று வேண்டியதில்லை. ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட முறையில் ஓர் ஊரிலிருந்து இராஜபார்ட்டும், வேறோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டும், மற்றோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரரும் வந்து சேர்வர். அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் காண்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாடல்கள் மனப்பாடம். உரையாடலும் தர்க்கமும் அவரவர் நாவன்மையைப் பொறுத்தவை. எதிரே நிற்பவர் என்ன சொல்வார் என்பது சொல்லும்வரை தெரியாது. ஆதலின் முகக்குறிப்பும் கைக்குறிப்பும் அறிந்து ஒருவர்க்கொருவர் இடம் கொடுத்தே நாடகத்தை நடத்தியாக வேண்டும். பாட்டை முடிக்கப் போவதை ஆர்மோனியக்காரருக்கு ஒரு பார்வையாலும், மிருதங்கத்திற்கு ஒரு தலையசைப்பாலும் உணர்த்துவர். இந்தத் தளர்ந்த கட்டமைப்பே பின்னர் அரசியலுக்கு வாயிலாயிற்று. எழுதி முடிக்கப்பட்ட நாடகத்தில் புதுப்பாட்டு ஒன்றை நுழைப்பது கடினம்; இதில் எளிது.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த கொடுமை விசுவநாததாஸின் வாழ்வைத் திருப்பிவிட்டது. பஞ்சாபின் படுகொலையைப் பற்றிய பாட்டை அவர் மேடையில் பாடத் தொடங்கினார். புராணக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே இடையில் நின்று இப்பாட்டைப் பாடுவார். அவையோர் மீண்டும் மீண்டும் பாடச் சொல்வர். அவருக்கு வேண்டிய பாடல்களைப் புனைந்து தந்தவர்களுள் முதன்மையானவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952). தமிழின் முதற் பேசும்படமான காளிதாஸுக்கு 1931இல் பாட்டெழுதியவரும் அவரே. ஒருவர் எழுத்தும் மற்றவர் குரலும் சேர்ந்து ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களில் உலவின.

1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. அரசுக்கு எதிரானது எனக் கருதும் நாடகத்தைத் தடுக்கவும் நடித்தோரைத் தண்டிக்கவும் அது இடம் தந்தது. எழுத்துப் படியைப் பார்த்துத் தடை செய்வது எளிது. வள்ளி திருமணத்தின் எழுத்துப் படியில் என்ன குற்றம் காண முடியும்? முருகன் வள்ளியை மணக்கிறான், அவ்வளவே. குற்றம் மேடையில், குரலில், கையசைவில் இருந்தது. அதனைப் பிடிக்க வேண்டுமாயின் அதிகாரிகளும் விடிய விடிய நாடகம் பார்த்தாக வேண்டும்!

அவருடைய பாட்டுகளுள் மிகவும் பரவியது வெள்ளைக் கொக்கைப் பற்றியது. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டும் காட்சி நாடகம் பார்த்த எல்லாரும் அறிந்தது. கிளியும் குருவியும் விரட்டப்படும் அவ்விடத்தில் வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்து நம் விளைச்சலைத் தின்னும் கொக்கு எதுவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையன் என்னும் சொல் இல்லை. அரசு என்னும் சொல்லும் இல்லை. பறவையை விரட்டுவதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு?

பாட்டு என்ற அளவில் அதனை உயர்ந்த கவிதை எனக் கூற இயலாது. தனியே தாளில் எழுதிப் பார்த்தால் சிறுவர் பாட்டுப் போலத் தோன்றும். எனினும் கவிதை எழுதுவோர் அதனை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. தெய்வத்தை நீக்கி, அந்தந்த நிலத்துப் பறவையையும் விலங்கையும் கொண்டு சொல்லாத பொருளைக் கேட்போர் உள்ளத்தில் எழுப்புவதைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். சங்கப் புலவர் காதலுக்குப் பயன்படுத்திய அந்த உத்தி, இலக்கணம் கல்லாத நாடக மேடையில், ஆட்சியை எதிர்க்கும் கருவியாகத் திரும்பி வந்தது. கேட்பவர் பாதிப் பொருளைத் தாமே நிரப்பிக்கொள்வதால் அது அவருடைய கருத்தாகவே ஆகிவிடுகிறது. தன் கருத்தை ஒருவன் எளிதில் மறப்பதில்லை. மேடைப் பேச்சாளர் மூன்று மணி நேரம் முழங்கியும் பெறாததை இக்கொக்கு பெற்றுவிட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

சொல்லோடு உடலும் பேசிற்று. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு நடுவே கடைசி வரிசை வரை எட்டும் குரல் வேண்டும். எட்டாதவற்றை மெய்ப்பாடு எட்டவைக்க வேண்டும். எட்டு மெய்ப்பாடுகளை இலக்கணமாகப் படித்தவர்கள் அன்று மேடையேறவில்லை. ஆனால் விளக்கொளியில் புருவத்தின் ஒரு நெரிப்பைத் தொலைவில் அமர்ந்திருப்பவனுக்குப் புரியவைக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது. ஆடையும் ஒரு செய்தியே. பட்டும் சரிகையும் பளபளத்த மேடைக்கு நாட்டுப்பற்று மிக்க நடிகர்கள் கதர் உடுத்தி வந்தனர். விசுவநாததாஸும் கதரையே உடுத்தினார். தெய்வ வேடத்தில் நிற்பவன் மேல் கதரைக் கண்ட பாமரனுக்குக் கதரைப் பற்றி வேறு சொற்பொழிவு தேவைப்படவில்லை.

இத்தகைய மொழி இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. சங்கரன்கோவிலுக்கு வருவோர் பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாக இட்டுத் தம் அச்சத்தையும் வேண்டுதலையும் வாய் திறவாமலே சொல்லிவிட்டுப் போகின்றனர். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா எனச் சங்கனும் பதுமனும் இட்ட வழக்கிற்கு இத்தலத்தில் கிடைத்த விடையும் சொல்லால் ஆனதன்று. சரிபாதியாக நிற்கும் ஒரு திருவுருவமே விடை. பாட்டைக் காதால் வாங்கி வாயால் பரப்பும் பழக்கமும் இங்கு வேரூன்றியது. அருகிலுள்ள சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து, ஏட்டில் கண்டவரைவிட, நடந்து சென்ற காவடிகளின் பின்னே கேட்டவர்களாலேயே மிகுதியும் பரவிற்று. கேட்கவும் குறிப்பறியவும் பழகிய இத்தகைய மக்கள்முன்தான் விசுவநாததாஸ் பாடினார். அவருடைய வெற்றியில் பாதி கேட்டவர்களுக்கு உரியது என்று சொல்வது அவரைக் குறைப்பதாகாது.

மேடைக்கு வெளியே வேறொரு குறிப்பு மொழி நிலவியது. அது கொடியது. முருகனாக அவர் மயில்மேல் வரும்போது கைகுவித்தவர்களே, வேடம் கலைந்தபின் அவரோடு சமமாக அமரக் கூசினர். முடிதிருத்தும் குலத்தவனுக்கு இணையாக நடிப்பதா என உடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். வள்ளியாக வருபவர் மறுத்துவிட்டால் முருகனுக்குத் திருமணம் ஏது? வாய்ச்சொல்லால் சொன்ன மறுப்பை எதிர்த்து வாதிடலாம். சற்றே விலகி நிற்பதற்கும் முகம் திருப்பிக்கொள்வதற்கும் மறுமொழி சொல்வது கடினம். அந்நிலையில் அவருக்கு இணையாக நடிக்க முன்வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கே. பி. ஜானகி அம்மாள் (1917-1992). வயதில் விசுவநாததாஸுக்கு மகள் போன்ற அவர், அந்நாளில் நல்ல பெயரும் வருவாயும் பெற்ற நடிகை. சாதி பார்த்து விலகியோர் நடுவே அவர் மேடையில் வந்து நின்றதே ஒரு மறுமொழி ஆயிற்று. பின்னாளில் அவர் பொதுவுடைமை இயக்கத் தலைவராகி, 1967இல் மதுரையிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறை விசுவநாததாஸுக்குப் பழகிய இடமாயிற்று. பலமுறை கைது செய்யப்பட்டார். வெளிவந்ததும் மறுபடி அதே பாட்டு. வங்காளத்தில் முகுந்ததாஸ் (1878-1934) யாத்ரா நாடகங்களைக் கொண்டு சுதேசியத்தைப் பரப்பிச் சிறை சென்றதை இதனோடு ஒப்பிடலாம். இருவரும் படித்த அவைகளை நோக்கிப் பேசியவர்களல்லர். இருவர் பெயரிலும் தாஸ் என்பது அமைந்தது தற்செயலே. ஆயினும் முகுந்ததாஸுக்கு வங்கம் தந்த இடத்தைத் தமிழகம் தன் கலைஞனுக்கு நெடுநாள் தரவில்லை. விடுதலைப் போரின் வரலாற்றை எழுதியோர் மாநாடுகளையும் தீர்மானங்களையும் எண்ணினார்கள். கொட்டகைகளை எண்ண மறந்தார்கள். அந்த வரலாற்றைத் தேடித் தொகுத்த தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் 1981இல் வெளிவந்தபோதுதான் நாடகக் கலைஞர்களின் பங்கு ஆய்வுலகில் உரிய கவனம் பெற்றது.

சிறைவாசம் வருவாயைத் தின்றது. ஒரு நடிகர் எப்போது கைதாவார் என்று தெரியாதபோது, முன்பணம் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்யக் கொட்டகைக்காரர்கள் தயங்குவது இயல்பு. 1931க்குப் பின் பேசும்படம் வேறு வந்து நாடகக் கூட்டத்தைக் கவரத் தொடங்கியது. கடன் ஏறிற்று. திருமங்கலத்து வீடும் அதில் சிக்கியது. இரண்டாம் உலகப்போர் மூண்டபின், அரசின் போர்ப் பிரசாரத்திற்குப் பாடினால் கடன் தீரும் என்று அழைப்பு வந்ததாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வழைப்பில் அரசு அவரைச் சரியாகவே எடைபோட்டிருந்தது எனலாம். சிற்றூர் மக்களிடம் ஒரு செய்தியைச் சேர்ப்பதற்குச் சுவரொட்டியையும் துண்டறிக்கையையும்விட இந்த மனிதரின் குரல் வலியது என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குரலை விலைக்குத் தர அவர் இசையவில்லை. கடன் கடனாகவே நின்றது.

1940ஆம் ஆண்டு திசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். ஐம்பத்து நான்கு வயதான விசுவநாததாஸ் உடல் நலிந்திருந்தார். முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கும்போதே மயில்மேலேயே அவர் உயிர் பிரிந்தது.

அன்று நள்ளிரவோடு ஆண்டு மாறிற்று. இறுதி ஊர்வலத்தில் திரளான மக்கள் கலந்துகொண்டனர். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு பின்னர் அரசின் பொறுப்பில் நினைவு இல்லமாக்கப்பட்டது. கோவில் கொடைகளில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. தினைப்புனக் காட்சியில் வள்ளி பறவைகளை ஓட்டுகிறாள். ஆர்மோனியக்காரர் இன்றும் இராஜபார்ட்டின் கண்ணைப் பார்த்தே அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடிக்கிறார்.