ஆடுகளம் கண்ட அறம்

நுழையும்முன்

விளையாட்டு வெற்றி தோல்விகளோடு முடிந்துவிடுவதில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற கேள்விகளும் ஆடுகளத்தில் எழுகின்றன. ஒருவர் செய்த பிழைக்காக ஊரே சினந்து எழுவதை இன்று காண்கிறோம். ஒரு பிழையும் செய்யாத ஒருவரைப் பிறப்பின் பெயரால் ஊரே ஒதுக்கிய காலமும் இருந்தது. அக்காலத்தில் பந்துவீசி வாழ்ந்த ஒருவரின் வரலாறு இது. பொதுமக்களின் சினம் எப்போது அறமாகும், எப்போது அறத்தை இழக்கும் என்பதை எண்ணிப் பார்க்க இது துணைசெய்யும்.

இளமையும் தொழிலும்

பல்வாங்கர் பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். இவ்வூர் இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. இவருடைய முன்னோர் கொங்கணக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த பல்வான் என்னும் சிற்றூரினர். குடும்பப் பெயரும் அவ்வூரின் வழியே வந்தது. தோல்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த காரணத்தால் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் இவர் பிறந்தார். தந்தை படைத்துறையில் பணியாற்றியதால் குடும்பம் புனே நகருக்குக் குடிபெயர்ந்தது. படைவீரர்கள் விட்டுச்சென்ற மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுப் பொருள்கள்.

புனேயில் பார்சிகள் நடத்திய மட்டைப்பந்துக் கழகம் ஒன்றில் பாலு வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளையால் சமன்செய்வதும் அவர் பணி. மாத ஊதியம் 3 ரூபாய். அவ்வப்போது உறுப்பினர்களின் பயிற்சிக்குப் பந்து வீசவும் செய்தார். பின்னர், 1892-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர் கழகத்தில் பணிக்குச் சேர்ந்தார். அங்கும் ஆடுகளத்தைப் பேணுவதும் வலை கட்டுவதும் கோடு இடுவதுமே வேலை. ஆயினும் ஆங்கிலேய வீரர்களுக்கு நாள்தோறும் பந்து வீசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அக்கழகத்தின் சிறந்த மட்டையாளர் கிரெய்க் என்னும் படைத்துறை அதிகாரி. பிறர் வருவதற்கு முன்பே திடலுக்கு வந்து, பாலுவின் பந்துவீச்சில் அவர் நெடுநேரம் பயிற்சி பெற்றார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவர் பாலுவுக்கு எட்டணா அளித்தார் என்பர். அப்பயிற்சியால் கிரெய்க்கின் மட்டைத்திறம் வளர்ந்தது. பாலுவின் இடக்கைச் சுழற்பந்து வீச்சும் கூர்மை பெற்றது. ஆயினும் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே அளிக்கப்படவில்லை. பந்து வீசுவது பணியாளர்க்கு உரியது, மட்டை வீசுவது மேலோர்க்கு உரியது என்னும் எண்ணம் அக்கால வழக்கில் இருந்தது.

ஒரே பந்து, வேறு குவளை

புனேயின் இந்து அணியினர் ஐரோப்பிய அணியை வெல்ல விரும்பினர். அதற்கு ஏற்ற பந்துவீச்சாளர் தம் ஊரிலேயே இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பாலுவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது குறித்து அணிக்குள் வாதம் எழுந்தது. சிலர் எதிர்த்தனர், சிலர் ஆதரித்தனர். வெற்றி வேட்கை முடிவில் தயக்கத்தை வென்றது. பாலு அணியில் இடம்பெற்றார்.

ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். ஆட்ட இடைவேளையிலோ நிலைமை வேறாயிற்று. மற்ற வீரர்கள் அரங்கினுள் அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்தினர். பாலுவுக்கு அரங்கின் வெளியே, அருந்தியபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவு தனித்தட்டில், தனி மேசையில் வைக்கப்பட்டது. முகம் கழுவவும் அவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே நீர் கொணர வேண்டியிருந்தது. பந்தைத் தொட்டால் வராத தீட்டு கோப்பையைத் தொட்டால் வரும் என்று நம்பியவர்கள், அந்த முரண்பாட்டைக் குறித்து எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒருவரைப் பொறுத்துக்கொள்வதற்கும் ஒருவரை மதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. அணியினர் பாலுவின் திறமையை ஏற்றனர், அவரை ஏற்கவில்லை. பயன் கருதி ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது சகிப்புத்தன்மை ஆகாது.

சாத்தாராவில் ஐரோப்பியர் அணியை வெல்லப் பாலுவின் பந்துவீச்சு பெருந்துணை ஆயிற்று. அவ்வூரில் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். புனே திரும்பியபோது நீதியரசர் மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுமேடையில் சிறப்பித்தார். பாலுவோடு ஆட இயலுமாயின் அவரோடு உண்ணவும் இயல வேண்டும் என்பதே சீர்திருத்தத்தை விரும்பிய ரானடேயின் நிலைப்பாடு.

பம்பாயில் பெற்ற புகழ்

1896-இல் பம்பாய் மாகாணத்தில் கொள்ளைநோய் பரவத் தொடங்கியது. அக்காலத்தையொட்டிப் பாலு பம்பாய்க்குச் சென்றார். படைப்பிரிவிலும் பின்னர் இருப்புப்பாதை நிறுவனத்திலும் பணியாற்றினார். அங்கிருந்த இந்து விளையாட்டுக் கழகத்திலும் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. அவருடைய ஆற்றல் அதனைக் கடந்தது.

1906-ஆம் ஆண்டு பம்பாயில் இந்து அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. ஆள்வோரும் ஆளப்படுவோரும் மோதிய ஆட்டமாக மக்கள் அதனைக் கருதினர். இந்து அணி 109 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. இரு முறை ஆட்டங்களிலும் சேர்த்துப் பாலு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருடன் சிவராமும் அணியில் ஆடினார். இவ்வெற்றிக்குப்பின் பம்பாய்க் கழகத்தில் பாலு ஏனைய வீரர்களுடன் ஒன்றாக அமர்ந்து உண்டார். சீர்திருத்த இதழ்கள் இதனை ஆட்ட வெற்றியினும் பெரிய வெற்றியாகக் கண்டன.

1911-ஆம் ஆண்டு பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைமையில் இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், முகம்மதியர், பார்சிகள், சீக்கியர் என அனைவரும் அதில் இடம்பெற்றனர். அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ தோள்வலியையும் பொருட்படுத்தாமல், அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு அகவை 35. அவர் நாடு திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தனர். அவ்விழாவில் பங்குகொண்டவர்களுள் ஒருவர், அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர்.

மறுக்கப்பட்ட தலைமை

பந்துவீச்சில் தமக்கு நிகர் இல்லாதிருந்தும் பாலு இந்து அணியின் தலைவராக ஒருமுறையேனும் அமர்த்தப்படவில்லை. ஆண்டுதோறும் அவர் பெயர் பேசப்பட்டது. ஆண்டுதோறும் வேறொருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913-இல் தலைவராகத் தேர்வுபெற்ற எம்.டி. பாய், அப்பெருமை மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். தேர்வுக்குழுவினர் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

1920-ஆம் ஆண்டு நாற்கோணப் போட்டியில் இச்சிக்கல் முற்றியது. உடல்நலக் குறைவால் பாய் முதல் ஆட்டத்தில் கலந்துகொள்ள இயலவில்லை. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார். அவர் தம்பியரான சிவராம், விட்டல் இருவரும் அணியின் முதன்மை வீரர்கள். ஆயினும் அவர்களைப் புறந்தள்ளி, புனேயைச் சேர்ந்த டி.பி. தியோதர் தலைவராக்கப்பட்டார். தங்களுக்கு நேர்ந்தது சாதி காரணமான அவமதிப்பு என்று பொது அறிக்கை ஒன்றினை வெளியிட்டுச் சகோதரர் இருவரும் அணியிலிருந்து விலகினர்.

பம்பாய் நகரம் கொதித்தது. நாளிதழ்களில் கட்டுரைகளும் மடல்களும் வெளிவந்தன. தீண்டாமை ஒழிப்பைக் காந்தியடிகள் வலியுறுத்திய காலம் அது. நாட்டு விடுதலையைக் கோருவோர், தம்முள் ஒரு பகுதியினர்க்கு உரிமையை மறுப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. பொதுமக்களின் சினம் தேர்வுக்குழுவினரைச் சிந்திக்க வைத்தது. இறுதி ஆட்டத்தில் பாய் தலைவராகத் திரும்பினார். பாலு துணைத்தலைவராக அமர்த்தப்பட்டார். தம்பியர் இருவரும் அணியில் மீண்டும் சேர்ந்தனர். ஆட்டத்தின் இடையே பாய் களத்தைவிட்டு வெளியேறி, பாலு அணியை வழிநடத்த வகைசெய்தார். சட்டப்படி தலைமை கிடைக்காத ஒருவர்க்குச் சக வீரர் ஒருவர் சிறிதுநேரமேனும் அதனை அளித்தார்.

1923-ஆம் ஆண்டு விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவர் தலைமையில் அணி அவ்வாண்டே வாகை சூடியது. மூத்தவருக்கு மறுக்கப்பட்டது இளையவருக்குக் கிடைத்தது. சாதி வேறுபாடு கருதாமல் இளைஞர்கள் விட்டலைத் தோளில் சுமந்து சென்றனர்.

சினத்தின் இருமுகம்

1920-இல் எழுந்த எதிர்ப்பினை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அது ஒருவரை வீழ்த்துவதற்காக எழவில்லை. விலக்கப்பட்டவரை உள்ளே கொணர்வதற்காக எழுந்தது. சகோதரர்கள் தவற்றை இன்னது என வெளிப்படையாகச் சுட்டினர், காரணம் காட்டினர், தங்கள் பெயரிலேயே எழுதினர். தவறு திருத்தப்பட்டதும் அதே அணிக்காக ஆடினர். தலைமை பெற்ற தியோதரும் பகைவராகக் கருதப்படவில்லை. அவர் பின்னாளில் இந்திய மட்டைப்பந்தின் மூத்த பெருமகனாகப் போற்றப்பட்டார்.

இன்று ஒரு வீரர் பந்தைத் தவறவிட்டாலோ, ஒரு சொல் பிறழ்ந்தாலோ, சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கைப்பேசி வழியே அவரைப் பழிக்கின்றனர். அவருடைய சமயமும் குடும்பமும் இழிவுக்கு ஆளாகின்றன. இச்சினத்தில் பழிப்பவரின் பெயர் மறைந்திருக்கிறது, காரணம் ஆராயப்படுவதில்லை, திருந்தியவர் திரும்பிவர வழியும் விடப்படுவதில்லை. தவற்றைக் கண்டிப்பது வேண்டும். கண்டனம் ஒருவரை மனிதர் வரிசையிலிருந்தே விலக்குமாயின், அதுவும் ஒருவகைத் தீண்டாமையே.

எனினும் பாலுவின் பொறுமையை மட்டும் புகழ்ந்து அமைவது நேர்மை ஆகாது. ஒடுக்கப்பட்டவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது ஒடுக்கியவர்க்கு எளிது. பல ஆண்டுக் காத்திருப்பு தராத நீதியை, ஓர் அறிக்கையும் ஒரு விலகலும் தொடங்கிவைத்தன. சகிப்புத்தன்மை என்பது அநீதியைச் சகித்தல் அன்று. மாற்றாரையும் மாறுபட்டோரையும் நிகராக மதித்தல்.

பொதுவாழ்வும் நிறைவும்

விளையாட்டிலிருந்து ஓய்வுபெற்ற பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-இல் ஏற்பட்ட புனே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். தமிழகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, இராஜாஜி ஆகியோரும் அதில் கையொப்பமிட்டனர்.

1937-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராகப் பாலு நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் அம்பேத்கர். ஒரே கொடுமையை அனுபவித்த இருவர், அதனை நீக்கும் வழியில் வேறுபட்டனர். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். அம்பேத்கர் வென்றார். ஒடுக்கப்பட்டோர் அனைவரும் ஒரே கருத்தினராக இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சகிப்பின்மையே என்பதை இத்தேர்தல் நினைவூட்டுகிறது.

சமய அடிப்படையில் அணிகளைப் பிரித்து ஆடும் வழக்கத்தை 1940-இல் காந்தியடிகள் எதிர்த்தார். 1946-ஆம் ஆண்டோடு அப்போட்டி முடிவுற்றது. அதனைக் கண்ட பாலு, விடுதலை பெற்ற நாட்டையும், தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் காண வாழ்ந்திருந்தார். 1955-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள் என்பது அவர் விட்டுச்சென்ற கணக்கு.

இன்று தவளக்குப்பம் போன்ற ஊர்களின் திடல்களில் மாலைதோறும் மட்டைப்பந்து ஆடும் இளைஞர், ஒரே குடுவையில் நீர் அருந்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்கின்றனர். அந்த ஒரே குடுவை தானாக வந்ததன்று. மண்குவளையில் தேநீர் அருந்திய ஒருவர் உறுதியோடு பந்து வீசினார். அவர் தம்பியர் துணிந்து விலகினர். மனச்சான்றுடையோர் குரல் எழுப்பினர். அவர்கள் வென்றெடுத்ததைக் காப்பது அடுத்த தலைமுறையின் கடமை.

தெரிந்து தெளிவோம்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிறந்த பாசில் டி ஒலிவேரா, நிறவெறியால் தாய்நாட்டில் வாய்ப்பிழந்து இங்கிலாந்து அணிக்காக ஆடினார். 1968-இல் தென்னாப்பிரிக்கப் பயணத்திற்கான அணியில் அவர் முதலில் சேர்க்கப்படவில்லை. இங்கிலாந்தில் மக்கள் எதிர்ப்பு எழுந்தது. வேறொரு வீரர் விலகியதும் அவர் சேர்க்கப்பட்டார். தென்னாப்பிரிக்க அரசு அவரை ஏற்க மறுத்ததால் பயணமே கைவிடப்பட்டது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நாடு பன்னாட்டு மட்டைப்பந்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டது. 1991-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. பொறுத்துக்கொள்ளுதல், மதித்தல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாலுவின் வாழ்க்கை நிகழ்வுகளால் விளக்குக.

2. 1920-இல் சகோதரர்கள் அணியிலிருந்து விலகியது சரியே என்றும், அணியிலிருந்தே போராடியிருக்கலாம் என்றும் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி விளையாட்டு அணியில் வீரர்களையும் தலைவரையும் தேர்ந்தெடுப்பதற்கான நெறிமுறைகள் ஐந்தினை எழுதி வகுப்பில் படிக்க.