மண் காத்த ஆளுநர்

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய இந்தியப் பெண்களுக்காகப் பாரதியார் நெஞ்சுருகிப் பாடியதைத் தமிழ்க் கவிஞர் அனைவரும் அறிவர். அத்தோட்டங்களுக்கு இந்தியரைக் கொண்டுசெல்ல வழி வகுத்தவரை அறிந்தோர் சிலரே. அவர் சர் ஆர்தர் ஹாமில்ட்டன் கார்டன்; பிற்காலத்தில் ஸ்டான்மோர் பிரபு. கொடுங்கோலர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாத மனிதர் என்பதே அவர் வரலாற்றின் சிக்கல்.

1829ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் அபர்டீன் பிரபு, 1852 முதல் 1855 வரை பிரிட்டனின் பிரதமராக விளங்கியவர். கேம்பிரிட்ஜில் பயின்ற மகன், கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1861இல் தம் ஆட்சிப் பணியைத் தொடங்கினார். 1866இல் டிரினிடாட் சென்றபோது, ஒப்பந்தக் காலம் முடித்த இந்தியத் தொழிலாளர், ஊர் திரும்பும் கப்பல் உரிமைக்கு ஈடாக அங்கேயே நிலம் பெற வழி செய்தார்.

1871இல் மொரீஷியஸின் ஆளுநரானார். அங்கே ஒப்பந்தம் முடிந்த இந்தியர்களும் அனுமதிச் சீட்டின்றி நடமாடினால் சிறைப்பட்டனர். அவர்களுக்காக அடால்ப் டி பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர் அவ்வாண்டே ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தார். அதில் 9,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் தம் பெயரைப் பதித்திருந்தனர். தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்தபோதும், கார்டன் விசாரணைக்குத் துணை நின்றார். ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையை அவர் நேரில் கண்டறிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1874 அக்டோபர் 10ஆம் நாள் பிஜி பிரிட்டிஷ் முடியின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டு அங்கே பரவிய தட்டம்மை பல்லாயிரம் பழங்குடியினரைக் கொன்றது. அந்தத் துயரத்தின் நடுவே, 1875 ஜூனில், கார்டன் ஆளுநராகப் போய்ச் சேர்ந்தார். தோட்டக்காரர்கள் பழங்குடியினரின் நிலத்தையும் உழைப்பையும் கேட்டனர். அவர் இரண்டையும் மறுத்தார். நில விற்பனையைத் தடுத்தார். ஐரோப்பியர் காட்டிய பழைய நிலப் பத்திரங்கள் ஆராயப்பட்டுப் பல தள்ளப்பட்டன. தலைவர்களின் பேரவையைக் கூட்டினார். வரியைப் பணமாக அன்றிக் கொப்பரை, பருத்தி முதலிய விளைபொருளாகப் பெற்று, அரசே வணிகரிடம் விலை கேட்டு விற்றது. மிகுதி விளைவித்தவருக்கே திரும்பியது. பிஜி நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றும் பழங்குடியினருக்கே உரியதாய் இருப்பது அவர் இட்ட அடித்தளத்தால்தான்.

ஆனால் அரசு நடத்த வருவாய் வேண்டும். வருவாய்க்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். கார்டன் இந்தியாவை நோக்கினார். 1879 மே 14ஆம் நாள் 'லியோனிடாஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து 400க்கும் மேற்பட்டோரைச் சுமந்து லெவுக்காவை அடைந்தது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகமும் ஆள் அனுப்பியது; காஞ்சியை அடுத்த வட ஆற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து பலர் கப்பலேறினர். ஐந்தாண்டு ஒப்பந்தம் அவர்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று.

1880இல் கார்டன் பிஜியை நீங்கி நியூசிலாந்து சென்றார். பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையை ஆண்டார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, அதன் நாணயத்தாள்களுக்குத் தம் பொறுப்பிலேயே அரசின் உறுதி அளித்து மக்களைக் காத்தார். பழைய கலாவெவ ஏரி அவர் காலத்தில் மீண்டும் நீர் கொண்டது. 1893இல் பிரபுப் பட்டம் பெற்றார்.

முதுமையில் அவர் ஏற்ற பொறுப்பு, பசிபிக் தீவுகள் கம்பெனியின் தலைமை. 1900 மே 3ஆம் நாள் அக்கம்பெனியின் ஆல்பர்ட் எல்லிஸ், ஆறு சதுர கிலோமீட்டர் அளவேயான பனாபா தீவில் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். ஆண்டுக்கு 50 பவுன்; காலம் 999 ஆண்டு; பெற்றது தீவின் பாஸ்பேட் பாறை முழுவதும். அங்கே நிலம் தனித்தனிக் குடும்பங்களின் உடைமை. கையெழுத்திட்டவர்களுக்குப் பிறர் நிலத்தைக் கொடுக்கும் உரிமை இல்லை. பிஜியில் எத்தகைய பத்திரங்களை ஐயுற்று ஆராயச் செய்தாரோ, அத்தகைய பத்திரத்தின் ஆதாயம் அவர் தலைமையேற்ற கம்பெனிக்கு வந்தது. 1912 ஜனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1ஆம் நாள் நீக்கப்பட்டன. மண்ணை இழந்த பனாபா மக்கள் 1945இல் பிஜியின் ராபி தீவில் குடியமர்த்தப்பட்டனர். கரும்பு நட்டவரின் வழியினரோ குத்தகை நிலத்திலேயே உழுதனர். குத்தகை முடிந்து 1997 முதல் பல குடும்பங்கள் வயலை விட்டு வெளியேறின. பிஜி மக்களின் மண்ணைக் காத்த நீதி, அந்த மண்ணில் வியர்வை சிந்தியவரை எட்டவில்லை, பனாபாவையும் எட்டவில்லை. பாரதியின் கண்ணீருக்குக் காரணம் தேடுவோர், கொடியவரின் கைகளை மட்டும் அன்றி, நல்லவர் ஒருவரின் பாதியில் நின்ற நீதியையும் காண்பர்.