டிடிடி தந்த பால் முல்லர்

எங்க வாப்பும்மாவுக்கு எந்தப் பூச்சிமருந்தும் ‘டிடிடி’தான். அவுக சின்னப்பிள்ளையா இருந்தப்போ மேலப்பாளையத்தில் வீடுவீடாக வந்து, மலேரியாவுக்காகச் சுவரில் அடித்துவிட்டுப் போவார்களாம். அந்த மருந்தின் வீரியத்தைக் கண்டுபிடித்தவர் பால் முல்லர்.

1899-ல் சுவிட்சர்லாந்தின் ஓல்டனில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே ஊழியர். மார்க் சுமார்தான். 1916-ல் பள்ளியை விட்டு, ரசாயனக் கம்பெனி லேபில் எடுபிடியாகச் சேர்ந்தார். (எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தது நான். அரியர் விழுந்த அன்று இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.) மறுபடி பள்ளிக்கு வந்து, பாசல் பல்கலைக்கழகத்தில் 1925-ல் டாக்டர் பட்டம் வாங்கி, கெய்கி கம்பெனியில் சேர்ந்தார்.

அவர் தேடியது என்ன? தொட்டாலே பூச்சி சாகணும், மலிவா இருக்கணும், நெடுநாள் கெடாமல் இருக்கணும். நாலு வருஷத்தில் 349 ரசாயனங்கள் தோற்றன. 1939-ல் டிடிடி வந்தது. கூண்டைத் துடைத்த பிறகும் ஈக்கள் செத்தன! இதே பொருளை 1874-லேயே ஸைட்லர் என்பவர் தயாரித்திருந்தார். ஆனால் பூச்சியிடம் காட்டிப் பார்க்கவில்லை. 1948-ல் முல்லருக்கு மருத்துவ நோபல் பரிசு. அவரோ மருத்துவம் படித்தவரில்லை.

கெடாத அந்தக் குணமே வினையாயிற்று. மண்ணில், மீனில், பறவை முட்டையில் எல்லாம் டிடிடி தங்கிவிட்டது. 1965-ல் முல்லர் காலமானார். 1972-ல் அமெரிக்கா தடை செய்தது. 1989-ல் நம் நாடு விவசாயத்துக்குத் தடை செய்தது.

மிஞ்சிய சரக்கை என்ன செய்வது? புதைத்தால் எளிதில் மக்காது, எரிப்பது ஒரு வழி. அதுவும் குப்பை எரிக்கிற மாதிரி இல்லை. சுழலும் உலையில் எரித்து, கிளம்பும் புகையை இரண்டாவது அறையில் 1,100 டிகிரியில் 2 விநாடியாவது நிறுத்தி, சட்டென்று குளிரவைத்து, அமிலத்தைக் காரநீரால் கழுவணும். சூடு இறங்கினால் கழிவு உள்ளே போவது தானாக நிற்கணும். இல்லாவிட்டால் டையாக்ஸின் என்னும் கொடிய விஷம் வெளியே வரும். 1985-ல் அமெரிக்காவின் மிசௌரியில் இப்படிப்பட்ட உலையையே டிரெய்லர்களில் ஏற்றி, டையாக்ஸின் கலந்த மண் கிடந்த பண்ணைக்கே கொண்டுபோய் எரித்தார்கள். நம் நாட்டில் நேர்மாறு: போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் கழிவு, 2025 ஜனவரியில் லாரிகளில் ஏறி பிதம்பூர் உலைக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஏன் என்று தெருவில் இறங்கினார்கள். கேட்கத்தானே செய்வார்கள்!

இதையெல்லாம் வாப்பும்மாவிடம் சொன்னேன். அப்போ நம்ம பழைய சுவரை என்ன செய்யணும்னு கேட்டாக. அந்தச் சுவரை இடித்து ரொம்ப நாளாச்சு. மண்ணை எங்கே கொட்டினோம் என்று வாப்பாவுக்கும் ஞாபகமில்லை.