உராய்வை அளந்த பொறியாளர்

கரையில் கட்டி முடிக்கப்பட்ட மரக்கப்பல், சாய்தளத்தின் வழியே சறுக்கிக் கடலில் இறங்க வேண்டும். சரிவு குறைந்தால் கப்பல் நின்ற இடத்தை விட்டு நகராது. மிகுந்தால் கட்டுக்கடங்காத வேகத்துடன் பாயும். நிற்பதையும் பாய்வதையும் முடிவு செய்வதில் உராய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வுராய்வை ஊகத்தால் அன்றி அளவால் அறிந்து கூறியவர், பிரான்சு நாட்டுப் பொறியாளர் சார்லஸ் அகஸ்டின் டி கூலூம்.

1736ஆம் ஆண்டு அங்கூலேம் நகரில் பிறந்த கூலூம், மெசியேர் நகரிலிருந்த இராணுவப் பொறியியல் பள்ளியில் பயின்றார். 1764இல் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்குக் கோட்டை கட்டும் பணியில் எட்டாண்டுகள் உழைத்தார். நோயால் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். உடல் தளர்ந்தாலும் உள்ளம் தளரவில்லை. கட்டுமானப் பணியில் பெற்ற பட்டறிவைக் கொண்டு, மதில்கள், வளைவுகள் ஆகியவற்றின் உறுதி பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1773இல் பாரிசு அறிவியல் கழகத்தில் படிக்கப்பட்டது.

1779இல் ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் பணியேற்ற கூலூம், அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். தொடும் பரப்புகளை அழுத்தும் எடை மிகுந்தால் உராய்வும் மிகும் என்பதை அமாண்டன் என்னும் அறிஞர் 1699இலேயே கூறியிருந்தார். வேகம் மிகுந்தால் உராய்வும் மிகுமா என்பதை அறியக் கூலூம் விழைந்தார்.

நீண்ட மேசையின்மீது எடையேற்றிய மரக்கட்டையை வைத்து, அதனைக் கயிற்றில் பிணைத்துக் கப்பியின் வழியே தொங்கும் எடையால் இழுத்தார். கட்டை கடக்கும் தொலைவை இரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பாதியையும் கடக்க ஆகும் நேரத்தை ஊசலின் துணையால் அளந்தார். வேகத்துடன் உராய்வு வளருமாயின், இரண்டாம் பாதியில் வேகம் கூடும் வீதம் குறைய வேண்டும். அவ்வாறு குறையவில்லை. உலர்ந்த மரத்தின்மீது மரம் சறுக்கும்போது, வேகத்தால் உராய்வு பெரிதும் மாறுவதில்லை என்பது புலனாயிற்று.

சாய்தளத்தில் இவ்வுண்மை முதன்மை பெறுகிறது. கீழ்நோக்கி இழுக்கும் விசை உராய்வைவிட மிகுதியாயின், பொருளின் வேகம் சீராக வளர்ந்துகொண்டே செல்லும். உராய்வும் உடன் வளர்ந்து அதனைத் தடுக்கும் என நம்பியிருத்தல் இயலாது. இரண்டும் சமமாயின், நகரத் தொடங்கிய பொருள் மாறா வேகத்துடன் செல்லும். எனவே, சரிவின் அளவை முன்னரே கணித்தல் வேண்டும்.

எளிய விதி கிடைத்ததென்று கூலூம் அமைதியுறவில்லை. மரமும் உலோகமும் உராயும்போது வேகத்திற்கேற்ப உராய்வு கூடுவதைக் கண்டு, தம் விதிக்குப் பொருந்தாத அம்முடிவையும் மறைக்காமல் பதிவு செய்தார். கிடையில் இருக்கும் மரத்தை நகர்த்தத் தேவைப்படும் விசை, அது ஓய்ந்திருந்த நேரத்தைப் பொறுத்தும் மாறுவதைக் காட்டினார்.

இவ்வாய்வு 1781இல் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றது. அவ்வாண்டே அவர் கழக உறுப்பினரானார். பின்னர் முறுக்குத் தராசின் துணையால் மின்விசையை அளந்தார். 1806இல் அவர் மறைந்தார். மின்னூட்டத்தின் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விதியைக் கண்டதோடு அதன் எல்லையையும் கண்டு உரைத்த நேர்மையே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.