நின்றுபோன பத்திரிகையை எடுத்து நடத்திய கோதைநாயகி அம்மாள்

நஷ்டப்பட்டு மூடிய ஒரு கடையை எடுத்து நடத்தப் போவதாக ஒருவர் வந்து சொன்னால், கைம்முதல் எவ்வளவு என்றுதான் நாம் முதலில் கேட்போம். 1925-ம் ஆண்டில் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பெண்மணி, வெளிவராமல் நின்றுபோன ஒரு பத்திரிகையை எடுத்து நடத்த முன்வந்தார். பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர் அவர். ஆயினும் அப்பத்திரிகை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அப்பெண்மணிதான் காலஞ்சென்ற வை. மு. கோதைநாயகி அம்மாள்.

அம்மையார் பிறந்தது 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஒரு வயதிலேயே தாயாரை இழந்தார். பாட்டியார் முதலிய உறவினர் வளர்த்தனர். அக்கால வழக்கப்படி ஐந்தரை வயதிலேயே வை. மு. பார்த்தசாரதி என்பவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். படிப்பு இல்லாவிடினும் கதை சொல்வதில் அம்மையார் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவர் கதை கேட்கக் கூடுவார்கள். இதை அறிந்த கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார், தடை சொல்லவில்லை. தாமும் ஒரு நாடகம் எழுத அம்மையாருக்கு ஆவல் பிறந்தது. ஆனால் எழுத வராதே! அம்மையார் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' என்ற அந்நாடகம் 1924-ல் அச்சாகி வந்தது. பிறகு அம்மையார் தாமே எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார்.

அதற்கு மறு ஆண்டு, நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி அய்யங்காரின் உதவியோடு 'ஜகன்மோகினி' மாதப் பத்திரிகையை ஏற்றார். 'வைதேகி' என்ற தமது நாவலை அதில் மாதாமாதம் தொடர்ந்து எழுதினார். இதிலுள்ள வியாபார நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். கதை பாதியில் நிற்பதால், வாசகர் அடுத்த மாதமும் பத்திரிகையைத் தேடி வருவார். தொடர் முடிந்ததும் அதே கதை புத்தகமாகி, மறுபடியும் விற்பனைக்கு வரும். ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனை! இவ்வாறு 115 நாவல்கள் எழுதினார். சொந்தமாக அச்சகமும் வைத்தார்.

காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை சென்றார். அங்கும் அவர் எழுத்து நிற்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சென்னையை விட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபெயர்ந்தார். காகிதத் தட்டுப்பாட்டால் பல பத்திரிகைகள் நின்ற அக்காலத்திலும் ஜகன்மோகினியை விடாது நடத்தினார்.

இத்தனையையும் தாங்கிய அம்மையாரை ஒரு துக்கம் சாய்த்துவிட்டது. 1956-ல் மகன் சீனிவாசன் இறந்தார். அதன்பின் அம்மையார் தேறவில்லை. காசநோய் கண்டு 1960-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காலமானார். ஜகன்மோகினியின் காலமும் அவரோடு முடிந்தது. கதைகள் மட்டும் நின்றன. 1966-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற 'சித்தி' படம் அவருடைய 'தயாநிதி' நாவலிலிருந்து எடுக்கப்பட்டதே.

வியாபாரிகளாகிய நமக்கு இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. அம்மையாரின் கைம்முதல் அவருடைய திறமை. அதைக் கண்டு வழிவிட்டவர் கணவர். நம் வீட்டுப் பெண்மக்களிடமும் இத்தகைய திறமை இல்லையென்று யார் சொல்ல முடியும்? மற்றொன்று, முப்பது ஆண்டு நடந்த தொழிலாயினும், அது ஒருவர் தோளிலேயே நின்றால் அவரோடு அதுவும் சாய்ந்துவிடும். கடைச் சாவி நம் இடுப்பில் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத் தெரிந்தவர் நம் வீட்டில் இன்னும் ஒருவராவது இருக்கிறாரா? நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.