கரும்பை இனிக்க வைத்தவரா ஜானகி அம்மாள்? குரோமோசோம்களை எண்ணிய விஞ்ஞானியின் கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவார வயல்களில் கரும்பு செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கரும்பு ரகங்களின் பெயர் பெரும்பாலும் 'கோ' என்று தொடங்கும். 'கோ' என்றால் கோயம்புத்தூர். அங்கே உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் ஜானகி அம்மாள். இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர் இவர்தான் என்று சோஷியல் மீடியாவில் அடிக்கடி பகிர்வாங்க. அது உண்மையா?

யார் இவர்?

1897 நவம்பர் 4-ல், அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகையில் அமெரிக்கா போய், 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சிதான் வாழ்க்கை.

கரும்பில் என்ன செய்தார்?

பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பில் உருவான கோ 205 ரகம் 1918-லேயே வந்துவிட்டது. ஜானகி கோவைக்கு வந்தது 1934-ல்தான். அதனால் 'இனிக்க வைத்தவர்' என்பது பாதி உண்மை மட்டுமே.

அவர் செய்தது வேறு வேலை. தடித்த இனிப்புக் கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள் இருக்கும். அதன் காட்டு உறவான நாணலிலோ, இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். இரண்டையும் கலந்தால் பிள்ளைச் செடியில் எத்தனை வரும், அவை ஜோடி சேருமா? ஜோடி சேராவிட்டால் அந்தச் செடி மலடாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தால்தான் இது தெரியும். ஜானகி அதை எண்ணினார். மக்காச்சோளம், மூங்கில் வரை கரும்போடு கலந்து பார்த்தார். வேலைக்கு நடுவே பெண் என்பதாலும் சாதியாலும் கசப்புகளைச் சந்தித்தார். ஆனாலும் சர் சி.வி.ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமிக்கு 1935-லேயே தேர்வானார்.

லண்டன் நாட்கள்

1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப்போர் வெடித்ததால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெரிய நூலை வெளியிட்டார். அடுத்து விஸ்லி தோட்டத்தில் மேக்னோலியா நாற்றுகள் மீது கால்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்தி, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம்ம மாநில மலரான செங்காந்தளிலும் இந்த கால்ச்சிசின் இருக்கு. அங்கே ஒரு மேக்னோலியா வகைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

திரும்பி வந்தது ஏன்?

1951-ல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. செடிகளை ஆராய்ந்தவர், அந்தச் செடிகள் நிற்கும் காடே அழிவதையும் கவனித்தார். 80 வயதைத் தாண்டிய பிறகும் கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1984 பிப்ரவரி 7-ல் சென்னை மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.